ஓட்ட வீரர் எரிக் லிடல்

சென்னை மாநகரின் வடபால், கடற்கரையை ஒட்டி, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. இவை உழைப்பாளர் வாழும் ஊர்கள். ஒருபுறம் துறைமுகம், ஒருபுறம் தொழிற்சாலைகள், இடையே இருப்புப்பாதை. தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டில் புறப்பட்டதும் இராயபுரத்திலிருந்தேயாகும். இங்குள்ள ஆலைகளில் முறை மாறி முறை மாறி வேலை நடைபெறும். சங்கு ஒலித்தால் ஒரு சாரார் உள்ளே செல்வர். மற்றொரு சாரார் களைத்த முகத்துடன் வெளியே வருவர். இத்தகைய ஊர்களிற் பிறந்து வளரும் மாணவர்க்கு ஓய்வு நாளின் அருமையை எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆறு நாளும் உழைத்த தந்தை ஏழாம் நாள் வீட்டில் அமர்ந்து மக்களோடு உண்ணும் இன்பத்தை அவர்கள் நேரே கண்டவர்கள்.

அந்த ஓய்வு நாள் தானாகக் கிடைத்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்காக நாராயண மேகாஜி லோகண்டே என்னும் பெரியார் பல்லாண்டுகள் போராடியதன் பயனாக, 1890ஆம் ஆண்டில் அந்நகர ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு இசைந்தனர். 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம் பெற்றது. விடுதலைக்குப்பின் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம் அவ்வுரிமையை உறுதி செய்தது. ஆகவே ஓய்வு என்பது சோம்பலன்று. உழைப்பவன் தன் உடலுக்கும் உள்ளத்துக்கும் செலுத்தும் கடன் என்பதை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்தது.

ஓய்வு நாளைக் கேட்டுப் பெற்றவர் பலர். ஆனால், உலகமே வியக்கும் பரிசு எதிரே நின்று அழைத்தபோதும் தம் ஓய்வு நாளை விட்டுக்கொடாத இளைஞர் ஒருவர் இருந்தார். பின்னாளில் அதே மனிதர், பிறர் நலம் கருதி, அந்நாளைத் தாமே விட்டுக்கொடுத்தார். அவர் ஏன் முன்பு மறுத்தார், ஏன் பின்பு இசைந்தார் என்பதை அறிந்துகொள்வது நமக்கு நன்மை தரும். அவர்தாம் எரிக் லிடல் என்னும் ஓட்ட வீரர்.

பிறப்பும் இளமையும்

எரிக் லிடல் 1902ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள் சீன நாட்டுத் தியன்சின் நகரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் டன்லப் லிடல், தாயார் மேரி. அவர்கள் ஸ்காட்லாந்து நாட்டினர். இலண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சார்ந்து சீனத்தில் சமயப்பணி புரிந்து வந்தனர். அச்சங்கத்தார் நம் சென்னையிலும் நெடுங்காலம் பணிபுரிந்தவர்கள் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

எரிக்குக்கு ஆறு வயது நிரம்பியதும், அவரையும் அவர்தம் தமையனார் இராபர்ட்டையும் இலண்டன் நகரை அடுத்த ஒரு பள்ளியிற் சேர்த்தனர். தொலைநாடுகளிற் சமயப்பணி செய்வோரின் புதல்வர்க்கென ஏற்பட்ட உறைவிடப் பள்ளி அது. பின்னர் அஃது எல்த்தம் கல்லூரி எனப் பெயர் பெற்றது. பெற்றோர் சீனம் திரும்பினர். கடல் பல கடந்து வாழும் தாய் தந்தையரைக் காண்பதற்குச் சிறுவர் இருவரும் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. அந்தத் தனிமையில் அண்ணன் தம்பிக்குத் துணையானான். ஆடுகளம் இருவர்க்கும் துணையாயிற்று. கிரிக்கெட்டு, ரக்பி என்னும் இரண்டு ஆட்டங்களிலும் எரிக் பள்ளி அணியின் தலைவராக விளங்கினார்.

1920ஆம் ஆண்டில் அவர் எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து அறிவியல் பயிலலானார். அங்கே அவருடைய கால்களின் விரைவு விரைவில் வெளிப்பட்டது. ரக்பி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து நாட்டின் சார்பில் ஏழு முறை ஆடினார். பின்னர் ஓட்டத்திலேயே கருத்தைச் செலுத்தினார். டாம் மெக்கெர்ச்சர் என்பவர் அவருக்குப் பயிற்சி அளித்தார். 1923ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற பெரும்போட்டியில் 100 கெச தூரத்தை 9.7 விநாடியிற் கடந்து எரிக் வெற்றி பெற்றார். அந்த அளவை 20 ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனில் எவரும் விஞ்சவில்லை.

அவர் ஓடும் முறை காண்பவர்க்கு நகைப்பை உண்டாக்கும். தலை பின்னே சாயும், வாய் திறந்திருக்கும், கைகள் காற்றாடிபோற் சுழலும். ஓட்டக் கலையில் வல்லவர்கள் அதனைக் கண்டு முகம் சுளித்தனர். ஆயினும் எல்லைக்கோட்டை முதலில் தொட்டவர் அவரே.

விழுந்து எழுந்த வெற்றி

அதே 1923ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஸ்டோக் என்னும் நகரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று நாட்டு வீரர்க்கும் போட்டி நடைபெற்றது. 440 கெச ஓட்டம் தொடங்கிற்று. முதல் வளைவில் மற்றொரு வீரர் மோதியதால் எரிக் நிலைதடுமாறிப் புல்தரையில் வீழ்ந்தார். ஏனையோர் முன்னே பறந்தனர். ஏறத்தாழ 20 கெச தூரம் இடைவெளி ஏற்பட்டுவிட்டது. இனி ஓடிப் பயனில்லை என்றே அனைவரும் எண்ணினர். எரிக் எழுந்தார், மீண்டும் ஓடினார், ஒருவர் ஒருவராகக் கடந்தார், இறுதியில் முதல்வராய் எல்லையைத் தொட்டுத் தரையிற் சாய்ந்தார். அன்று அவரைக் கண்டோர், கால்களின் வலிமையினும் பெரியதொரு வலிமை அவர்பால் இருத்தலை உணர்ந்தனர்.

வெற்றி அவருடைய பணிவைக் கெடுக்கவில்லை. அக்காலத்தில் ஓட்டம் தொடங்குமிடத்தில் காலை ஊன்றிக்கொள்ள இக்காலத்தைப்போற் கருவிகள் இல்லை. வீரர் ஒவ்வொருவரும் சிறு கரண்டி ஒன்றால் மண்ணைத் தோண்டிக் குழி அமைத்துக்கொள்ள வேண்டும். கரண்டி கொண்டுவராத போட்டியாளர்க்கு எரிக் தம் கரண்டியைக் கொடுத்து உதவுவார். தொடங்குமுன் தம்மோடு ஓட நிற்கும் ஒவ்வொருவர் கையையும் பற்றி நல்வாழ்த்துக் கூறுவார். எதிரே நிற்பவன் பகைவனல்லன்; தன் திறனை வெளிக்கொணரும் துணைவன் என்பதே அவர் கருத்து.

ஒலிம்பிக் அழைப்பு

1924ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற ஏற்பாடாயிற்று. அக்காலத்தில் பந்தயங்களிற் பொருள் பெறுவோர்க்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. ஆதலின், ஓட்ட வீரருட் பலர் பல்கலைக்கழக மாணவராகவோ, அண்மையிற் படிப்பை முடித்தவராகவோ இருந்தனர். பல நாட்டு மாணவர்க்கெனத் தனியே ஒரு பந்தயம் 1923ஆம் ஆண்டில் அதே பாரிஸ் நகரில் நடைபெற்றதும் அக்காலத்து மாணவரின் விளையாட்டு ஆர்வத்தைக் காட்டும். எரிக் லிடல் எடின்பரோ மாணவர். அவருக்கு இணையாகப் புகழ்பெற்ற ஆரல்டு ஆபிரகாம்ஸ் கேம்பிரிட்ஜில் பயின்றவர்.

அப்பந்தயத்துக்கு இந்தியாவிலிருந்தும் ஒரு சிறு குழு சென்றது. சென்னையில் 1920ஆம் ஆண்டில் உடற்பயிற்சிக்கென ஒரு பள்ளியை நிறுவிய ஆரி குரோ பக் என்பவரே அக்குழுவின் மேலாளர். அவர் வளர்த்த அப்பள்ளி, உடற்பயிற்சி ஆசிரியரை ஆயத்தம் செய்யும் கல்லூரியாகச் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் விளங்குகிறது. சி. கே. இலட்சுமணன் என்பார் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் இந்தியாவின் சார்பில் ஓடினார். ஆகவே, எரிக் லிடலின் பெயர் உலகெங்கும் பரவிய அவ்விடத்தில் நம் நாட்டவரும் இருந்தனர்.

எரிக்கின் சிறப்பு 100 மீட்டர் ஓட்டத்தில் இருந்தது. அதில் அவர் தங்கப்பதக்கம் பெறுவார் என்று நாடே நம்பியிருந்தது. பந்தயங்கள் நடைபெறுவதற்குச் சில திங்கள் முன்னரே நிரல் வெளிவந்தது. அதனை நோக்கிய எரிக் திகைத்தார். 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஜூலை 6ஆம் நாள் நடைபெறும் என்று அதிற் கண்டிருந்தது. அந்நாள் ஞாயிற்றுக்கிழமை.

அவர் பிறந்த குடும்பத்தின் நெறி யாது என்பதை இங்கு அறிதல் வேண்டும். ஆறு நாள் உழைத்து ஏழாம் நாளை இறைவனுக்கென விடுதல் வேண்டும் என்பது அவர்தம் வேதம் கூறும் கட்டளை. ஸ்காட்லாந்து மக்கள் அதனை மிகக் கண்டிப்பாகப் போற்றி வந்தனர். அந்நாளில் வாணிகம் இல்லை, ஆடல் இல்லை, வழிபாடும் ஓய்வுமே உண்டு. எரிக் சிறுவயது முதல் அந்நெறியை ஏற்று நடந்தவர். அவர் யாரிடமும் ஆராய்ச்சி கேட்கவில்லை; நெடிது வாதிடவுமில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஓடுவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

அறிவித்தல் எளிது, அதன் பயனைத் தாங்குதல் அரிது. நாட்டின் பெருமையை இவர் மறந்தார் என்று சிலர் பழித்தனர். செய்தித்தாள்களிலும் குறை கூறப்பட்டது. முற்பகலில் வழிபட்டுப் பிற்பகலில் ஓடலாமே எனச் சொன்னவரும் உண்டு. 22 வயது இளைஞர் ஒருவர்க்கு இச்சொற்கள் எவ்வளவு வருத்தம் தந்திருக்கும்! பழித்தவர்கள் அயலாரல்லர், நேற்றுவரை அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியவர்கள். அவர் எவரையும் மறுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஓட இசைந்த தோழரைத் தாழ்த்தியும் நினைக்கவில்லை. தம் நெறி தமக்கு; பிறர் நெறி பிறர்க்கு என்று அமைந்தார். நான்கு வீரர் சேர்ந்து ஓடும் தொடரோட்டங்கள் இரண்டின் இறுதிச் சுற்றும் அடுத்த ஞாயிறாகிய ஜூலை 13ஆம் நாள் அமைந்திருந்தன. அவற்றிலும் கலந்துகொள்ளவில்லை. அவ்விரண்டிலும் பிரிட்டானியக் குழு பதக்கம் பெற்றது. ஒரே உறுதிக்காக எரிக் இழந்த வாய்ப்புகள் மூன்று.

சூளுரையின் அருமை திருவொற்றியூர் மக்களுக்குப் புதிதன்று. அவ்வூரில் மகிழ மரத்தடியில் நின்று, சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்த சுந்தரர், அச்சூளைக் கடந்து ஊரெல்லையை நீங்கியவுடன் கண்ணொளி இழந்தார் என்று பெரியபுராணம் கூறும். இறைவனுக்குத் தோழராகிய பெரியார்க்கும் சொன்ன சொல்லினின்று விலக்கு இல்லை என்பதே அவ்வரலாறு உணர்த்தும் உண்மை. நாடும் சமயமும் வேறாயினும் உறுதிப்பாட்டின் தன்மை ஒன்றே. வினைத்திட்பம் என்பது ஒருவனது மனத்திட்பமே என்று வள்ளுவர் தெளிந்ததும் இதுபற்றியே.

பாரிஸ் வெற்றி

100 மீட்டரை விட்ட எரிக், 200 மீட்டர், 400 மீட்டர் என்னும் இரு ஓட்டங்களுக்கும் தம்மை ஆயத்தம் செய்துகொண்டார். 400 மீட்டர் ஓட்டம் அவருக்கு முற்றும் புதியதன்று. எனினும் அதில் அவர் உலகில் முதல்வராக எண்ணப்பட்டவரல்லர். சிறுதூர ஓட்டத்துக்கு வேண்டுவது விரைவு. நெடுந்தூர ஓட்டத்துக்கு வேண்டுவது தாங்கும் ஆற்றல். 400 மீட்டருக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். எஞ்சியிருந்த சில திங்களில் அவர் அதற்கெனக் கடுமையாக உழைத்தார்.

ஜூலை 6ஆம் நாள் வந்தது. கொலோம்ப் விளையாட்டரங்கில் 100 மீட்டர் முதற்சுற்று நடைபெற்றது. ஆரவாரம் வானை முட்டியது. எரிக் அங்கே இல்லை. வழிபாட்டிலும் ஓய்விலும் அந்நாளைக் கழித்தார். மறுநாள் ஆபிரகாம்ஸ் 100 மீட்டரில் தங்கப்பதக்கம் பெற்றார்.

அதன் பின்னர் எரிக்குக்கு ஓய்வே இல்லை. 8, 9ஆம் நாள்களில் 200 மீட்டரில் நான்கு சுற்றுகள். 10, 11ஆம் நாள்களில் 400 மீட்டரில் நான்கு சுற்றுகள். நான்கு நாள்களில் எட்டு முறை அவர் ஓட வேண்டியிருந்தது. 200 மீட்டரில் மூன்றாமவராக வந்து வெண்கலப்பதக்கம் பெற்றார்.

ஜூலை 11ஆம் நாள், வெள்ளிக்கிழமை. 400 மீட்டர் இறுதி ஓட்டம். அன்று காலை பிரிட்டானியக் குழுவின் உடற்பிடிப்பாளர் ஒருவர் எரிக்கின் கையில் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். இறைவனைப் போற்றுவோரை இறைவனும் போற்றுவான் என்னும் கருத்துடைய வேதவாக்கு அதில் எழுதப்பட்டிருந்தது. தம் உறுதியை மதித்தவர் ஒருவரேனும் உளர் என்பதை அறிந்து எரிக் மகிழ்ந்தார்.

அவருக்கு வெளிப்புறக் கடைசி ஓடுபாதை கிடைத்தது. அப்பாதையில் ஓடுபவர் மற்றவரை முன்னே காண இயலாது. தாம் முந்துகிறோமா பிந்துகிறோமா என அறியவும் இயலாது. ஆதலால் எரிக் தொடக்கத்திலேயே முழு விரைவுடன் ஓடினார். முதற்பாதியை அவர் கடந்த விரைவைக் கண்டு, இவர் இறுதியிற் களைத்து வீழ்வார் என்றே அறிந்தோர் கருதினர். அவர் களைக்கவில்லை. தலை பின்னே சாய்ந்தது, கைகள் சுழன்றன, இடைவெளி பெருகியது. 47.6 விநாடியில் எல்லையைத் தொட்டு ஒலிம்பிக்கிற் புதிய அளவை நிறுவினார். அமெரிக்க வீரர் பிட்ச் இரண்டாமவராகவும், பிரிட்டானிய வீரர் பட்லர் மூன்றாமவராகவும் வந்தனர். பழித்த நாவுகளே வாழ்த்தின.

சில நாள்களில் எடின்பரோப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. எரிக்கின் பெயரைக் கூறியவுடன் மண்டபம் அதிர்ந்தது. பல்கலைக்கழகத் தலைவர் அவர் தலையில் இலைமுடி சூட்டினார். அவரைக் கடந்து செல்ல எவராலும் இயலாது, தேர்வாளர் மட்டுமே அவரைக் கடத்திவிட வல்லவர் என நயம்படப் பேசினார். மாணவர் அவரைத் தோளிற் சுமந்து நகர்வலம் வந்தனர்.

சீனத்திற் பணி

புகழின் உச்சியில் நின்ற எரிக், 1925ஆம் ஆண்டில் தாம் பிறந்த சீனத்துக்கே புறப்பட்டார். பந்தயங்களிற் பெறக்கூடிய பெருமையெல்லாம் பின்னே நின்றது. தியன்சின் நகரிலிருந்த ஆங்கில-சீனக் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். மாணவர்க்கு விளையாட்டும் பயிற்றுவித்தார். 1934ஆம் ஆண்டில் புளோரன்ஸ் மெக்கன்சி என்னும் கனடா நாட்டுப் பெண்மணியை மணந்தார்.

1937ஆம் ஆண்டில் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் பெரும்போர் மூண்டது. அப்போது எரிக், நகரத்தை விட்டுச் சியாவ்சாங் என்னும் நாட்டுப்புறப் பகுதிக்குச் சென்றார். அங்கே அவர் தமையனார் இராபர்ட் மருத்துவராக இருந்தார். ஊர் ஊராக நடந்தும் மிதிவண்டியிற் சென்றும் எரிக் பணிபுரிந்தார். ஒருமுறை, காயமுற்ற ஒருவர் பாழடைந்த கோயிலில் கிடப்பதாக அறிந்து வண்டியுடன் சென்று மீட்டார். வழியில், வாள்வெட்டால் கழுத்தில் காயமுற்றுக் கிடந்த மற்றொருவரையும் கண்டு ஏற்றிக்கொண்டார். படை நடமாடும் பாதையில் அவ்வண்டி மருத்துவமனையை அடைந்தது. வெட்டுண்டவர் பிழைத்தெழுந்து, நன்றியறிதலாக மலரோவியம் ஒன்றைத் தீட்டி எரிக்குக்கு அளித்தார்.

1941ஆம் ஆண்டில் நிலைமை மோசமாகவே, கருவுற்றிருந்த மனைவியையும் பெண்மக்கள் இருவரையும் கனடாவுக்கு அனுப்பினார். தாம் மட்டும் பணியின்பொருட்டுத் தங்கினார். மூன்றாம் மகள் கனடாவிற் பிறந்தாள். அம்மகளின் முகத்தை அவர் ஒருபோதும் காணவில்லை. அதே போரின் அச்சத்தால் 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை மக்களும் திரள்திரளாக ஊரை விட்டு வெளியேறினர் என்பதை நினைத்தால், கடல்கடந்த அத்துன்பம் நமக்கு அயலானதன்று என்பது விளங்கும்.

சிறைமுகாமில் ஒரு ஞாயிறு

1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜப்பானியர் எரிக்கையும் பிற அயல்நாட்டினரையும் வெய்சியன் என்னுமிடத்து முகாமில் அடைத்தனர். சுற்றிலும் மதிலும் முட்கம்பியும். 1,000 பேருக்கு மேல் நெருங்கி வாழ்ந்த அம்முகாமில் உணவு குறைவு, நோய் மிகுதி. அங்கே பெற்றோரைப் பிரிந்த பள்ளிச் சிறுவரும் சிறுமியரும் பலர் இருந்தனர். ஆறு வயதில் தாய் தந்தையரைப் பிரிந்து வளர்ந்த எரிக்குக்கு அப்பிள்ளைகளின் உள்ளம் நன்கு தெரியும்.

அவர் நீர் சுமந்தார். முதியோர்க்கு ஏவல் செய்தார். புத்தகம் இல்லாத இடத்தில் அறிவியல் கற்பித்தார். மாலையில் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார். உடைந்த ஆக்கி மட்டைகளைத் துணிக்கீற்றால் இறுகச் சுற்றிச் செம்மை செய்து கொடுத்தார். பிள்ளைகள் அவரை எரிக் மாமா என்று அழைத்தனர். காலணி தேய்ந்து நைந்த ஒரு சிறுவனுக்குத் தாம் ஓட்டத்துக்கென வைத்திருந்த காலணியைக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் விளையாட்டு நடத்துவதில்லை. பாரிஸ் நகரிற் காத்த நெறியை முகாமிலும் காத்தார். ஆயின், பிள்ளைகளுக்கு அந்நாள் பெருஞ்சுமையாயிற்று. செய்ய வேலையில்லை, செல்ல இடமில்லை, மதிற்சுவரை நோக்கிக்கொண்டே பொழுதைக் கழித்தல் வேண்டும். ஒரு ஞாயிறன்று இளைஞர் சிலர் தாமாகவே ஆக்கி ஆடத் தொடங்கினர். நடுவர் இல்லாத ஆட்டம் அடிதடியில் முடிந்தது.

இச்செய்தி எரிக்கின் காதுக்கு எட்டியது. அவர் ஆழ்ந்து நினைந்தார். ஓய்வு நாள் உயிர்களுக்கு ஆறுதல் தருவதற்கன்றோ ஏற்பட்டது? தம் ஓய்வு நாளைக் காப்பதால் பிள்ளைகள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்வராயின், தாம் காப்பது நெறியா, தம் பெயரா? அடுத்த ஞாயிறன்று பிள்ளைகள் ஆடுகளத்துக்கு வந்தபோது, அங்கே நடுவராக எரிக் நின்றிருந்தார்!

தங்கப்பதக்கத்துக்காகவும் நாட்டின் புகழுக்காகவும் விடாத நாளை, பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் பொருட்டு அவர் விட்டார். இதனை உறுதி தளர்ந்த செயல் என்று கூறுதல் பொருந்தாது. முன்னர் மறுத்தபோது இழந்தவர் அவர் ஒருவரே. தம் இழப்பைத் தாமே தாங்கினார். பின்னர் மறுத்திருந்தால் துன்புறுவோர் சிறுபிள்ளைகள். தன் நெறிக்குரிய விலையைத் தானே கொடுப்பவன் வீரன். அவ்விலையைப் பிறர் தலையிற் சுமத்தாதவன் சான்றோன். எரிக் இரண்டுமாக விளங்கினார்.

மறைவும் புகழும்

1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எரிக் கடும் தலைவலியால் வருந்தினார். மூளையில் தோன்றிய கட்டியே அதற்குக் காரணம். முகாமில் அதற்குத் தக்க மருத்துவம் இல்லை. பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 43. அவரைப் புதைத்த நாளில் முகாம் முழுவதும் கண்ணீர் வடித்தது. ஏறத்தாழ ஆறு திங்கள் கழித்து, ஆகஸ்டு 17ஆம் நாள், முகாமிலிருந்தோர் விடுதலை பெற்றனர். காலணி பெற்ற சிறுவன் வளர்ந்து, பகைநாடாக இருந்த ஜப்பானுக்கே சென்று நெடுங்காலம் பணிபுரிந்தான். பகைவர்க்கும் நன்மை வேண்டுதல் வேண்டும் என்று எரிக் கற்பித்த பாடமே அவனை அங்குச் செலுத்தியது.

1981ஆம் ஆண்டில் அவர் வரலாற்றை ஒட்டி ஒரு திரைப்படம் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. கப்பலில் ஏறும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் பற்றி அவர் அறிந்ததாக அப்படம் காட்டும். உண்மையில் அவர் பல திங்கள் முன்னரே அறிந்து, நன்கு எண்ணியே முடிவு செய்தார். ஒரு நொடியில் எழும் வீரத்தினும் பல திங்கள் பழியைத் தாங்கி நிற்கும் வீரம் பெரிதன்றோ? 1991ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தார் வெய்சியனில் ஸ்காட்லாந்துக் கருங்கல்லால் அவருக்கு நினைவுக்கல் நாட்டினர்.

நூறு ஆண்டு கழித்து, 2024ஆம் ஆண்டில், ஒலிம்பிக் பந்தயம் மீண்டும் பாரிஸ் நகருக்கு வந்தது. எரிக் ஓடிய அதே கொலோம்ப் அரங்கில் ஆக்கி ஆட்டங்கள் நடைபெற்றன. இந்திய வீரர் அங்கே வெண்கலப்பதக்கம் வென்றனர். ஆடுகளம் நிலைத்திருக்கிறது, ஆடியோர் மாறுகின்றனர், அவர்தம் பண்பு மட்டும் மாறாது நின்று பின்வந்தோர்க்கு வழிகாட்டுகிறது.

மாணவர்களே! திருவொற்றியூர், எண்ணூர்க் கடற்கரை மணலில் நீங்கள் ஓடியாடும்போது எரிக் லிடலை நினைமின். வெற்றி பெறுதற்கு விரைந்த கால்கள் வேண்டும். வெற்றியை வேண்டாமென விடுதற்கு உறுதியான உள்ளம் வேண்டும். அவ்வுறுதியையும் பிறர்க்காக நெகிழ்த்துதற்கு அன்பு வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்ந்தவர் எரிக் லிடல். உங்கள் இல்லத்தில் உழைத்துக் களைத்த தந்தையும் தாயும் ஓய்வு கொள்ளும் நாளில், அவர்க்கு உதவியாய் ஒரு குடம் நீரேனும் சுமந்து கொடுமின். வெய்சியன் முகாமில் நீர் சுமந்த அவ்வீரரின் வழியில் நீங்கள் எடுத்து வைக்கும் முதல் அடி அதுவேயாகும்.